கலைக் காகிதத்தில் புகைப்பட அச்சு: மை வரம்பையும் காகித அமைப்பையும் சரிசெய்வதற்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீட்டின் உட்புறத்தைப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல் நன்றாகத் தெரியும். நடுப்பகலில் முற்றத்தில் விழும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். அதே சட்டத்துக்குள், வளவு என்னும் உள்முற்றப் பகுதியைச் சுற்றி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களும் அவற்றுக்குப் பின்னால் உள்ள அறைக் கதவுகளும் ஏறக்குறைய இருட்டில் இருக்கும். இன்றைய கேமராக்கள் இரண்டையும் ஒரே கோப்பில் பிடித்துவிடுகின்றன. திரையிலும் எல்லாம் தெரிகிறது. அதே படத்தைப் பருத்திக் காகிதத்தில் அச்சிட்டால் தூணின் மர இழையும் கதவின் செதுக்கு வேலையும் மறைந்து, அந்தப் பகுதி முழுவதும் ஒரே கருந்திட்டாக வந்து நிற்கிறது. உடனே திரையைக் குறை சொல்வதும், ப்ரொஃபைலை (பிரிண்டரும் காகிதமும் நிறத்தை எப்படிக் காட்டும் என்பதைச் சொல்லும் கோப்பை) மாற்றிப் பார்ப்பதும், கோப்பில் நிழற்பகுதியைத் தூக்கிவிடுவதும் வழக்கம். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: அந்தக் காகிதம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மை இறங்கியிருக்கும், அல்லது அதற்குப் பொருந்தாத கருப்பு மை இறங்கியிருக்கும்.

நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மையில் இயங்கும் ஏ3 பிளஸ் முதல் 24 அங்குலம் வரையிலான பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. மீட்டெடுத்த பழைய குடும்பப் படங்களையும், வீடுகளின் படங்களையும், சட்டமிட்டு மாட்டுவதற்கான பெரிய அச்சுகளையும் கலைக் காகிதத்தில் போடுகிறவர்கள் இதில் உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் காகிதமும் மையும் வீணாவது வெகுவாகக் குறையும்.

மை வரம்பு எங்கே இருக்கிறது

இன்க்ஜெட் கலைக் காகிதத்தின் மேற்பரப்பில் மையை ஏந்திக்கொள்வதற்கென்றே ஒரு பூச்சு உண்டு. மைத்துளியில் இருப்பது நிறத்துகள், நீர், கிளைகால் போன்ற கரைப்பான்கள். நீரும் கரைப்பானும் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட, நிறத்துகள் மேலே தங்குகிறது. செம்மண் தரையில் விழும் மழையைப் போல முதலில் விழுவதை எல்லாம் பூச்சு உள்ளிழுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அதற்கு இடம் இருக்காது. அதற்கு மேல் விடும் மை பக்கவாட்டில் கசியும், சில இடங்களில் தேங்கித் திட்டுத்திட்டாகக் காயும், அல்லது பூச்சையும் தாண்டிப் பருத்தி இழைக்குள் போய்விடும். உள்ளே போன நிறத்துகளால் கருமை கூடாது. ஆகவே மையைக் கூட்டிக்கொண்டே போனால் அடர்த்தி, அதாவது அச்சின் கருமை அளவு, ஒரு உச்சத்தைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. மேட் (பளபளப்பில்லாத) காகிதங்கள் சிலவற்றில் உச்சத்தைத் தாண்டியதும் கருப்பு சற்று வெளுக்கவும் செய்கிறது. மை கூட விட்டால் கருப்பு நன்றாக வரும் என்று அச்சகங்களில் இன்றும் சொல்கிறார்கள். ஓரளவு வரைக்கும்தான் அது உண்மை.

வரம்பு இரண்டு வகையாக இருக்கிறது. ஒவ்வொரு தனி மைக்கும் ஒரு வரம்பு உண்டு. எல்லா மைகளும் ஒரே இடத்தில் சேரும்போது தாங்கக்கூடிய மொத்த வரம்பு என்று இன்னொன்றும் உண்டு. சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நான்கும் முழுதாக விழுந்தால் கணக்கின்படி 400 சதவீதம் ஆகும்; அந்த அளவைத் தாங்கும் கலைக் காகிதம் நடைமுறையில் கிடையாது. சாதாரண டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) வழியாக அச்சிடும்போது இந்த எண்கள் எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. நாம் கொடுப்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற மதிப்புகளால் ஆன ஆர்ஜிபி கோப்பு. அதை மைகளாகப் பிரிப்பது டிரைவர். எவ்வளவு மை என்பதை டிரைவர் முடிவு செய்வதற்கு நாம் கொடுக்கும் முதன்மையான குறிப்பு, பட்டியலில் தேர்ந்தெடுக்கும் காகித வகை, அதாவது மீடியா டைப்.

அந்தப் பட்டியலில் உள்ள பெயரைக் காகிதத்தின் பெயராகப் படிப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. அதைப் பல அமைப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பொட்டலமாகப் பார்க்க வேண்டும்: மையின் அளவு, கருப்பு மை மேட் காகிதத்துக்கான மேட் பிளாக்கா பளபளப்புக் காகிதத்துக்கான ஃபோட்டோ பிளாக்கா என்பது, மை தெளிக்கும் ஹெட்டுக்கும் காகிதத்துக்கும் இடையே விடும் இடைவெளி, உறிஞ்சிப் பிடிக்கும் விசை, காகிதம் நகரும் அளவு, உலர விடும் நேரம் ஆகிய அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. மேட் காகிதத்தைப் போட்டுவிட்டு பளபளப்புக் காகிதத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஃபோட்டோ பிளாக் இறங்கும். கருப்பு, வெளுத்த அடர்சாம்பலாக நிற்கும். மாறாக, பரைட்டா எனப்படும் சற்றுப் பளபளப்பான காகிதத்தில் மேட் பிளாக் இறங்கினால் அது பூச்சில் ஒட்டாமல், விரலால் தொட்டாலே கரியாகக் கையில் வரும்.

முதல் படி: காகிதத்தையும் அறையையும் ஆயத்தம் செய்தல்

காரைக்குடிப் பக்கத்தில் சித்திரை வைகாசி வெயிலுக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் இடையே காற்றின் ஈரப்பதம் பெரிதும் மாறுகிறது. பருத்திக் காகிதம் அந்த மாற்றத்துக்கு உடனே ஆட்படும். வறண்ட அறையில் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். ஈர நாளில் தாள் உப்பி அலை அலையாக நிற்கும். இரண்டு நிலையிலும் ஹெட் காகிதத்தின் ஓரத்தில் உரசி, விளிம்பில் கருப்புக் கீற்றுகளை விட்டுச் செல்லும். அதைவிட மோசம், ஹெட்டே பழுதாகக்கூடும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சோதனைத் தாளின் ஓரத்திலும் அன்றைய எண்ணைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

பழைய வீட்டின் பின்கட்டு அறையைப் பலர் அச்சு அறையாக வைத்திருக்கிறார்கள். தடித்த சுவர் காரணமாக அறை குளிர்ச்சியாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் அந்தச் சுண்ணாம்புச் சுவரின் அடிப்பகுதி ஈரம் ஏறி நிற்பதும் உண்மை. காகிதப் பெட்டிகளைச் சுவரை ஒட்டியோ வெறுந்தரையிலோ அடுக்கக் கூடாது. பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி, உறையை மூடிய நிலையில், படுக்கை வாட்டத்தில் வைக்க வேண்டும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பார்சலில் வந்த காகிதத்தை அன்றைக்கே பிரித்து அச்சிடாமல், உறையோடு ஒரு நாள் அறையில் கிடக்க விடுங்கள்.

பூச்சு உள்ள பக்கம் எது என்பது மேட் காகிதத்தில் பார்வைக்கு உடனே புலப்படாது. விரலைச் சற்று ஈரமாக்கி ஒரு மூலையைத் தொட்டால், பூச்சு உள்ள பக்கம் லேசாக ஒட்டும். அடுத்ததாக, பருத்திக் காகிதத்தில் உதிரி இழையும் தூசும் இருக்கும். அதன் மேல் மை விழுந்து, பிறகு அந்த இழை உதிர்ந்தால் கருப்புப் பகுதியில் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒவ்வொரு தாளையும் மென்மையான அகலத் தூரிகையால் ஒரே திசையில் நீவிவிட்டு, பிறகு பிரிண்டரில் கொடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்த இடத்தில் பூச்சு கெட்டுவிடும்.

இரண்டாம் படி: பிரிண்டரின் நிலை

நாசில் செக் (மைத்துளை அடைப்பைப் பார்க்கும் சோதனை அச்சு) முழுமையாக வராத பிரிண்டரில் மை வரம்பைச் சோதிப்பதில் பயன் இல்லை. ஒரு நாசில் வரிசை அடைத்திருந்தால் மை குறைவு என்று தவறாக முடிவு செய்வீர்கள். நாசில் செக், தேவைப்பட்டால் ஒருமுறை சுத்தம் செய்தல், ஹெட் அலைன்மென்ட் (துளிகள் சரியான இடத்தில் விழுமாறு ஹெட்டைச் சீரமைத்தல்) ஆகியவற்றை முடித்துக்கொள்ளுங்கள். அதிவேக அச்சையும் இருதிசை அச்சையும் சோதனையின்போது நிறுத்தி வைப்பது நல்லது. பழைய எப்சன் மாடல்கள் சிலவற்றில் மேட் பிளாக்கும் ஃபோட்டோ பிளாக்கும் ஒரே குழாயைப் பகிர்வதால் மாற்றும் ஒவ்வொரு முறையும் மை செலவாகும். அத்தகைய பிரிண்டரில் மேட் காகிதச் சோதனைகளை எல்லாம் ஒரே நாளில் சேர்த்துச் செய்துவிடுங்கள். இரண்டு கருப்புக்கும் தனித்தனி வழி உள்ள புதிய மாடல்களில் இந்தக் கவலை இல்லை.

மூன்றாம் படி: சோதனைத் தாளை உருவாக்குதல்

இணையத்தில் கிடைக்கும் சோதனைப் படங்கள் பார்க்க அழகாக இருக்கும். மை வரம்பைக் கண்டறிவதற்கு அவை போதாது. நீங்களே ஒரு ஏ4 கோப்பை அமைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக ஏறும் 21 கட்டங்கள் முதலில் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம், சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய ஆறு நிறங்களுக்கும் இதே போன்ற படிவரிசை. ஆர்ஜிபி மதிப்பு 0, 2, 4, 6 என்று 30 வரை போகும், கருப்புக்கு மிக நெருங்கிய கட்டங்கள். தேங்குவதைப் பார்ப்பதற்காக ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் முழுக் கருப்பு ஒன்றும், முழுச் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும். பிறகு மிக முக்கியமானவை: முழுக் கருப்புப் பின்னணியில் கால் பாயின்ட், அரை பாயின்ட், ஒரு பாயின்ட் (அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) தடிமனில் வெள்ளைக் கோடுகள், மஞ்சள் பின்னணியில் அதே தடிமனில் கருப்புக் கோடுகள், கருப்பில் மஞ்சள் நிறத்தில் சிறிய தமிழ் எழுத்துகள். தமிழ் எழுத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஷ, ணை, றூ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளின் உள்வெளி, மை கசிந்தால் முதலில் அடைபடும்.

தாளின் கீழ்ப்பகுதியில் உண்மையான படங்களிலிருந்து மூன்று துண்டுகளை வையுங்கள். கண்டாங்கிச் சேலையின் கட்டம் ஒன்று: அரக்கும் கடுகு மஞ்சளும் கருப்பும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் நிறங்களின் எல்லை எப்படி நிற்கிறது என்பதை அது காட்டிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஒன்று: அடர்ந்த சிவப்பிலும் பச்சையிலும் உள்ள மெல்லிய நிற வேறுபாடு தப்புகிறதா என்பதற்கு. மூன்றாவது, நிழலில் நிற்கும் தேக்குத் தூண்.

இந்தத் தாளை அச்சிடும்போது நிற மேலாண்மை (ப்ரொஃபைலைக் கொண்டு நிறங்களை மாற்றி அனுப்பும் வேலை) முழுவதும் அணைந்திருக்க வேண்டும். ப்ரொஃபைல் இடையில் வந்தால் அது மையின் இயல்பை மூடி மறைத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் முன்பிருந்த, அப்படி அணைத்து அச்சிடும் வசதி இப்போது இல்லை என்பதால், அடோபி கலர் பிரிண்டர் யுட்டிலிட்டி என்ற சிறு மென்பொருளைப் பயன்படுத்தலாம். மேக் வைத்திருப்பவர்கள் கலர்சிங்க் யுட்டிலிட்டியில், நிறச் சோதனை அட்டையாக அச்சிடும் தேர்வைப் பயன்படுத்தலாம். டிரைவரிலும் நிறத் திருத்தம் வேண்டாம் என்ற தேர்வே இருக்க வேண்டும்.

நான்காம் படி: தொடக்க மீடியா டைப்பைத் தேர்ந்தெடுத்தல்

காகிதம் தயாரித்தவரே உங்கள் பிரிண்டர் மாடலுக்கு ஒரு மீடியா டைப்பைப் பரிந்துரைத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஹானமூலே, கேன்சன் போன்ற நிறுவனங்கள் ப்ரொஃபைலோடு இந்தக் குறிப்பையும் கொடுக்கின்றன. ப்ரொஃபைலை இறக்கிக்கொள்கிறவர்கள் கூடவே வரும் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம். பரிந்துரை எதுவும் இல்லாத காகிதத்துக்கு, அதன் தன்மைக்கு நெருங்கிய மூன்று நான்கு மீடியா டைப்புகளில் அதே சோதனைத் தாளை அச்சிட்டு ஒப்பிடுங்கள். வழவழப்பான மேட் பருத்திக் காகிதத்துக்கு ஃபைன் ஆர்ட், வெல்வெட், வாட்டர்கலர் என்ற பெயர்களில் உள்ளவை. பரைட்டாவுக்கும் சாட்டின் காகிதத்துக்கும் செமிகிளாஸ், லஸ்டர், பரைட்டா என்ற பெயர்களில் உள்ளவை. தாளின் பின்புறத்தில் தேர்வின் பெயரை உடனே எழுதிவிடுங்கள். காய்ந்த பின் நான்கு தாளும் ஒன்று போலவே தோன்றும்.

ஐந்தாம் படி: தாளைப் படித்தல்

வழிகாட்டியின் சாரம் இந்தப் படியில்தான் இருக்கிறது. இங்கே அவசரம் கூடாது. அச்சு வெளியே வந்த நிமிடத்தில் கருப்பு ஆழமாகத் தெரியும். காய்ந்ததும் சற்று இறங்கும். குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருந்து, சன்னல் வெளிச்சத்திலோ பகல் வெளிச்சத்துக்கு நெருங்கிய 5000 கெல்வின் விளக்கிலோ பாருங்கள். மஞ்சள் பல்பு எரியும் பட்டாலை போன்ற வீட்டுக் கூடத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் வெறுங்கண்ணால் படிவரிசையைப் பாருங்கள். 85, 90, 95, 100 ஆகிய கட்டங்களுக்கு இடையே எல்லைக்கோடு தெரிகிறதா? கடைசி மூன்று கட்டங்கள் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் அந்தக் காகிதத்துக்கு மை அதிகம். தாளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து முழுக் கருப்புச் சதுரத்தைப் பாருங்கள். அதன் மேற்பரப்பு சீராக இல்லாமல் ஆங்காங்கே மேகம் போன்ற திட்டுகள் இருந்தால் மை தேங்கியிருக்கிறது. பரைட்டாவில் சாய்த்துப் பார்க்கும்போது அடர்ந்த பகுதியில் செம்பு நிறப் பளபளப்பு மிகையாக வந்தால் அதற்கும் மை மிகுதி ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கி. கருப்பில் ஓடும் கால் பாயின்ட் வெள்ளைக் கோட்டில் கண்ணை வையுங்கள். மை சரியாக இருக்கும் தாளில் அந்தக் கோடு மெலிந்தாலும் தொடர்ந்து ஓடும். அதன் இரு கரைகளும் சற்றுப் பொரிபொரியாக இருக்கும், அவ்வளவுதான். மை மிகுந்த தாளில் கோடு அங்கங்கே அறுந்து நிற்கும்; கருப்பின் கரையிலிருந்து மயிரிழை போன்ற கால்கள் வெள்ளைக்குள் நீண்டிருக்கும். மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடைப்பட்ட எல்லையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் மஞ்சளில் கலந்த கருப்பு பச்சை கலந்த அழுக்கு நிறமாக மாறி நிற்கும். ணை என்ற எழுத்தின் சுழிகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். கால் பாயின்ட் கோடு அறுந்து அரை பாயின்ட் கோடு நன்றாக இருந்தால் சற்றே குறைத்தால் போதும். அரை பாயின்ட்டும் அறுந்தால் நிறையக் குறைக்க வேண்டும்.

மை குறைவாக இருந்தால் காட்சி வேறு. கட்டங்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும், கோடுகள் கூர்மையாக இருக்கும், ஆனால் முழுக் கருப்பே சாம்பலாக நிற்கும். அரக்கு நிறம் செங்கல் நிறமாகச் சோர்ந்துபோகும். உருப்பெருக்கியில் பார்த்தால் முழுக் கருப்புச் சதுரத்துக்குள் காகிதத்தின் வெள்ளை புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அச்சின் நிறத்தையும் அடர்த்தியையும் அளக்கும் அளவுமானி வைத்திருப்பவர்கள் கட்டங்களின் அடர்த்தியை அளந்து வரைபடமாகப் போட்டால் கண்ணின் முடிவை உறுதிசெய்துகொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 80 சதவீதத்தில் 1.57, 85இல் 1.62, 90இல் 1.64, 95இல் 1.64, 100இல் 1.62 என்று அளவு வந்தால், 90க்குப் பிறகு விடும் மை முழுவதும் வீண். வரம்பை 88 அளவில், உச்சத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். உச்சியிலேயே வைத்தால் ஈரமான நாளில் அது மீறிப்போகும். நல்ல மேட் பருத்திக் காகிதத்தில் கருப்பின் அடர்த்தி 1.6 முதல் 1.7 வரை வருவது இயல்பு, பரைட்டாவில் 2.2க்கு மேல் எளிதாக வரும். மேட்டில் 2.0 வேண்டும் என்று மையை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் காகிதத்தால் தர முடியாததைக் கேட்கிறார்கள். பளபளப்பு இல்லாத மேற்பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதால் அந்த வேறுபாடு வருகிறது. மையைக் கூட்டி அதைத் தாண்ட முடியாது.

வண்ண மைகளுக்கு அடர்த்தியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மையைக் கூட்டும்போது ஒரு கட்டம் வரை நிறத்தின் செறிவு கூடும். அதன் பிறகு செறிவு கூடாமல் நிறமே திரும்பத் தொடங்கும். சியான் நீலத்தை நோக்கியும் மெஜந்தா சிவப்பை நோக்கியும் சாய்வதை நிறத்தை மூன்று எண்களால் குறிக்கும் லேப் அளவுகளை வரைபடமாகப் போட்டால் கொக்கி வளைவாகவே பார்க்கலாம். கொக்கி வளையத் தொடங்கும் இடம்தான் அந்த மையின் வரம்பு.

ஆறாம் படி: டிரைவரில் திருத்தம்

எப்சன் தொழில்முறை மாடல்களின் டிரைவரில் பேப்பர் கான்ஃபிகரேஷன் என்ற சாளரம் உண்டு. அதில் உள்ள கலர் டென்சிட்டி, மைனஸ் 50 முதல் பிளஸ் 50 வரை நகரும். நாம் தேடுவது இதைத்தான். ஒரேயடியாக இறக்காமல் ஐந்து ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் படிவரிசையும் கோடுகளும் உள்ள பாதித் தாளை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். மைனஸ் 20க்குக் கீழே போக வேண்டியிருந்தால் தொடக்க மீடியா டைப்பே பொருந்தவில்லை என்று கொண்டு, நான்காம் படிக்குத் திரும்புவது நல்லது. கேனன் பிரிண்டர்களில் மீடியா கான்ஃபிகரேஷன் டூல் மூலம் நெருங்கிய காகிதத்தை அடிப்படையாக வைத்து உங்கள் பெயரில் புதிய காகிதத்தை உருவாக்கி, அதிகபட்ச மை அளவைப் படிப்படியாக மாற்றலாம்.

அதே சாளரத்தில் காகிதத் தடிமன் இருக்கிறது. எப்சனில் அது 0.1 மில்லிமீட்டர் கணக்கில் கொடுக்கப்படுவது. 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை) பருத்திக் காகிதம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருப்பதால் 5 என்று கொடுக்க வேண்டும். ஹெட் இடைவெளியை, தாள் உரசாத குறைந்த அளவில் வையுங்கள். இடைவெளி கூடினால் துளி காற்றில் விலகிப் படம் மங்கும். குறைந்தால் ஓரம் உரசும். சுருண்ட தாளுக்கு இடைவெளியைக் கூட்டுவதைவிட, தாளைத் தட்டையாக்கிவிட்டு அச்சிடுவதே முறை. படத்தின் முன்பின் ஓரத்தில் 30 மில்லிமீட்டர் வரை வெற்றிடம் விட்டால் உரசினாலும் படம் தப்பும்.

உலரும் நேரத்தையும் இங்கேயே கூட்டலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே சிறிது நிறுத்தம் கொடுத்தால் முந்தைய மை இறங்கிவிட, அடுத்தது தேங்காமல் விழுகிறது. மழைக்காலத்தில் தேக்கம் லேசாகத் தென்பட்டால், மை அளவில் கைவைப்பதற்கு முன்பு இந்த நிறுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். மை அளவை மாற்றினால் ப்ரொஃபைலையும் மாற்ற வேண்டி வரும்.

ரிப் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

டிரைவருக்குப் பதிலாகக் கோப்பை மைகளாகப் பிரித்து அனுப்பும் தனி மென்பொருளான ரிப் வழியாக அச்சிடும்போது ஒவ்வொரு மையும் தனியாக நம் கைக்கு வருகிறது. அதற்கேற்ப வேலையும் கூடுகிறது. முதலில் தனி மை ஒவ்வொன்றின் வரம்பு, அடுத்து படிகளின் அடர்த்தி சீராக ஏறுமாறு சமப்படுத்தல், அதற்குப் பிறகு மொத்த மை வரம்பு, கடைசியாக ப்ரொஃபைல். இந்த வரிசையில் ஒன்றை மாற்றினாலும் அதற்குப் பின்னால் செய்தவை எல்லாம் செல்லாது. மொத்த வரம்பைக் காண 200 சதவீதத்திலிருந்து இருபது இருபதாக ஏறும் கலப்புக் கட்டங்களை அச்சிட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். துணியில் மை ஏறாமலும் கட்டத்தில் திட்டு விழாமலும் இருக்கும் கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி கீழே வரம்பை வையுங்கள்.

ரங்கூனிலும் பினாங்கிலும் ஸ்டுடியோவில் எடுத்த பழைய குடும்பப் படங்களைக் கருப்பு வெள்ளையிலேயே மறு அச்சு போடுகிறவர்களுக்கு ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. கருப்பும் அடர்சாம்பலும் வெளிர்சாம்பலும் எங்கே தொடங்கி எங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். வண்ண மைகள் மிகக் குறைவாகப் பயன்படுவதால் சாம்பலில் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்காது. அதிலும் முதல் வேலை மை வரம்பைக் கண்டறிவதுதான். அதற்கான படிவரிசைப் படம் மென்பொருளோடே வருகிறது.

ஏழாம் படி: ப்ரொஃபைல்

காகித நிறுவனம் கொடுத்த ப்ரொஃபைல், அந்த நிறுவனம் குறிப்பிட்ட மீடியா டைப்புக்கும் மை அளவுக்கும் மட்டுமே பொருந்தும். கலர் டென்சிட்டியை மைனஸ் 10 என்று மாற்றிவிட்டு அதே ப்ரொஃபைலைப் பயன்படுத்தினால் நடுச் சாம்பல் வெளுக்கும், தோல் நிறம் விலகும். மை வரம்பை மாற்றியவர் புதிய ப்ரொஃபைல் செய்தே ஆக வேண்டும்; அதற்கான கருவி இல்லையென்றால், நிறுவனம் சொன்ன அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உலரும் நேரம், இடைவெளி ஆகியவற்றை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு. மிகுந்த மையால் அடைந்துபோன நிழலை ப்ரொஃபைல் மீட்டுத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசி மூன்று கட்டங்களும் ஒரே கருப்பாக இருக்கும்போது அளவுமானிக்கும் அவை ஒன்றுதான்.

ப்ரொஃபைல் செய்வதற்கான நிறக்கட்ட அட்டையை அச்சிட்டபின் 24 மணி நேரம் திறந்த நிலையில் காய விட்டு அளவெடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், தூசு ஒட்டும். வெண்மையூட்டி சேர்த்த காகிதமா என்பதை புற ஊதா டார்ச்சால் பார்த்துவிடலாம். நீலமாக ஒளிர்ந்தால் சேர்த்திருக்கிறது. அத்தகைய காகிதம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய செட்டிநாட்டுச் சுவரின் இளமஞ்சள் வெண்மையைக் குளிர்ந்த நீலமாகக் காட்டும். வீட்டுப் படங்களுக்கு வெண்மையூட்டி இல்லாத, இயல்பான நிறமுள்ள காகிதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

எட்டாம் படி: உண்மையான படம்

இனி நிற மேலாண்மையை ஃபோட்டோஷாப்பிடம் ஒப்படைத்து, டிரைவரில் அதை அணைத்து, உங்கள் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு இடத்திலும் இயங்கினால் படம் சிவந்தோ கறுத்தோ வரும். சாஃப்ட் புரூஃபில் (அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பார்க்கும் வசதியில்), காகிதம் காட்ட முடியாத நிறங்களை மாற்றும் இரு வழிகளான பெர்செப்சுவல், ரிலேட்டிவ் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ரிலேட்டிவ் என்றால், கோப்பின் கருப்பைக் காகிதத்தின் கருப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் இயங்க வேண்டும். வளவுப் படங்களைப் போல நிழல் மிகுந்தவற்றுக்குப் பெர்செப்சுவல் பெரும்பாலும் நன்றாக வருகிறது. சேலைக் கட்டம் போன்ற தட்டையான நிறங்களுக்கு ரிலேட்டிவ்.

கருப்புக்கு நெருங்கிய கட்டங்களை ப்ரொஃபைலோடு மறுபடி அச்சிட்டு, எந்த மதிப்பிலிருந்து வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேட் காகிதத்தில் அது 10இல் தொடங்கினால், படத்தில் தூணின் இழை 10க்கு மேலே இருக்குமாறு கர்வ் என்ற திருத்த வளைவில் மெல்ல ஏற்றினால் போதும். நிழல் முழுவதையும் கண்மூடித்தனமாகத் தூக்கினால் இருட்டான வளவு புகை மூடியது போல் ஆகிவிடும். அந்த வீட்டின் உட்புறம் இருட்டாக இருப்பதுதான் இயல்பு.

அச்சான படத்தை ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய அமிலமற்ற தாளை மேலே பரப்பி அடுக்குங்கள். உடனே கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தால் மீதமிருக்கும் கிளைகால் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் மங்கலான படலமாகப் படியும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது.

குறிப்பேடு ஒன்றைப் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். காகிதத்தின் பெயர், பெட்டியில் உள்ள தொகுதி எண், மீடியா டைப், கலர் டென்சிட்டி, தடிமன், ஹெட் இடைவெளி, உலரும் நேரம், ப்ரொஃபைலின் பெயர், அன்றைய ஈரப்பதம் ஆகியவை ஒரு வரியில் அடங்கும். அதே காகிதத்தின் புதிய பெட்டியோ ரோலோ வந்ததும் படிவரிசையும் வெள்ளைக் கோடுகளும் மட்டும் உள்ள சிறு கீற்றை அச்சிட்டுப் பழைய கீற்றோடு ஒப்பிடுங்கள். கால் பாயின்ட் கோடு அறுந்தால் ஐந்தாம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அறுபடாமல் இருந்தால் அதே அமைப்பில் வேலையைத் தொடரலாம்.